நெருக்கும் இடத்தில் கடல் திறப்பது எப்படி? தீவு வில்களின் பின்புறப் படுகைகள் பற்றிய இழை

வியாசர்பாடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் நிலவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு வாரங்களாக ஒரே கேள்வி மனத்தில் சுற்றிக்கொண்டிருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு புவித்தட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழும் இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன என்று படித்திருக்கிறோம். அப்படி வந்தால் அங்கே நெருக்கம்தானே ஏற்பட வேண்டும்? தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஆண்டீஸ் மலை எழும்பியிருப்பது அந்த நெருக்கத்தால்தான். ஆனால் பசிபிக் கடலின் மரியானா, டோங்கா போன்ற தீவு வில்களுக்கு (வில்லாக வளைந்து நிற்கும் எரிமலைத் தீவு வரிசைகளுக்கு) பின்புறம் கடலடி இழுபட்டுக் கிழிந்து, புதிய கடல் தரையே உருவாகிறது. எங்கள் பாடநூல் இதற்குப் 'பின்வில் படுகை' என்று பெயர் சூட்டி, ஒரு படத்தையும் இரண்டு அம்புக்குறிகளையும் போட்டு நிறுத்திவிடுகிறது. ஏன் திறக்கிறது என்பதற்கு அதில் விடை இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மூன்றாம் நாள் அந்தமானில் இறங்குகிறோம். அந்தத் தீவுகளுக்குக் கிழக்கே உள்ள அந்தமான் கடலும் பின்வில் படுகையே என்று வகுப்பில் ஒரு வரியில் சொன்னார்கள். நம் ஊருக்கு மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு அதுதான் என்றால், அதை வைத்தே புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எண்ணூர் நிலவியல்

வணக்கம் தங்கையே. அமிழ்வு மண்டலம் என்றவுடன் ஒரு தட்டு மற்றொன்றை முட்டித் தள்ளுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பழைய கடல் தட்டு தள்ளிக்கொண்டு போவதில்லை, அது விழுகிறது. நடுக்கடல் மலைத்தொடரில் பிறந்த தரை பல கோடி ஆண்டுகள் நகர்ந்து செல்லும்போது குளிர்ந்து, தடித்து, தனக்குக் கீழே உள்ள கவசப் பாறையைவிட (தட்டுகளுக்கு அடியில் மெல்ல நகரும் சூடான பாறை அடுக்கு, ஆங்கிலத்தில் mantle) அடர்த்தி கூடியதாகிவிடுகிறது. மரியானா அகழிக்குள் இறங்கும் பசிபிக் தரைக்கு 15 கோடி ஆண்டுக்கு மேல் வயது. அது அங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாகவே இறங்குகிறது.

அப்படி விழும் தட்டு, தான் வளைந்த இடத்திலேயே நின்று வழுக்கிக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் இல்லை. எடை கீழே இழுப்பதால், வளைகிற அந்தக் கோடே மெல்ல மெல்லக் கடல் பக்கமாகப் பின்வாங்குகிறது. அகழி என்பது அந்த வளைவின் மேல் விழுந்த பள்ளம் என்பதால் அகழியும் பின்வாங்குகிறது. மேலே இருக்கும் தட்டின் விளிம்பு அகழியோடு ஒட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இடையில் வெற்றிடம் விட்டுக் கவசம் காத்திருக்காது. விளிம்பு போகிறது, தட்டின் உடல் அதே வேகத்தில் பின்தொடரவில்லை. அந்த வித்தியாசம் முழுவதும், எரிமலைகளின் வெப்பத்தால் ஏற்கெனவே இளகிப் பலவீனமாகிப் போன இடத்தில், அதாவது தீவு வில்லை ஒட்டியே, விரிசலாக வெளிப்படுகிறது. விரிசல் அகலமாகி, அடியிலிருந்து சூடான கவசப் பாறை மேலேறி உருகி, நடுக்கடலில் நடப்பதுபோலவே பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறைத் தரையை விரிக்கத் தொடங்கும்போது அது பின்வில் படுகை.

இது வெறும் கற்பனைப் படம் அல்ல, கணக்காகவே பார்க்கலாம். டோங்கா அகழியின் வட முனையில் பசிபிக் தட்டும் டோங்கா வில்லும் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன என்று செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. ஆனால் ஆஸ்திரேலியத் தட்டை வைத்துப் பார்த்தால் பசிபிக் தட்டு அங்கே மேற்கு நோக்கி வருவது ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் மட்டுமே. மீதி 16 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? டோங்கா வில் தானே கிழக்கு நோக்கி, அகழியைத் துரத்திக்கொண்டு போவதால் வந்தது. வில்லுக்குப் பின்னால் இருக்கும் லாவ் படுகை அதே 16 சென்டிமீட்டர் வேகத்தில் அங்கே திறந்துகொண்டிருக்கிறது. தெற்கே போகப் போக இந்த வேகம் குறைவதால் லாவ் படுகை வடக்கில் அகன்றும் தெற்கில் குறுகியும் ஒரு முக்கோணமாகக் கிடக்கிறது.

இந்தச் சிந்தனையை 1970-களின் தொடக்கத்தில் டோங்கா, மரியானா பகுதிகளின் கடலடி அளவீடுகளை வைத்து முன்வைத்தவர் டேனியல் காரிக். வில்களுக்குப் பின்னால் இருக்கும் கடல்கள் பழைய பெருங்கடலின் சிக்கிக்கொண்ட துண்டுகள் அல்ல, பின்னால் பிளந்து பிறந்தவை என்பதே அவருடைய வாதம். எல்லாக் கடல்களுக்கும் அது பொருந்தாது என்றாலும், நம் பேச்சு இன்றும் அங்கிருந்தே தொடங்குகிறது.

தண்டையார்பேட்டை ஆசிரியை

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைக் கண்ணாடித் தொட்டியில் செய்து பார்த்தோம். கண்ணால் கண்டது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பழைய மீன் தொட்டி ஒன்றில் பேக்கரிக்காரர்கள் வாங்கும் திரவ குளுக்கோஸை ஒரு சாண் உயரத்துக்கு ஊற்றினோம். அதுதான் கவசம். பொம்மைக் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் களிமண்ணில் இரும்புத் துகளைப் பிசைந்து, விரல் தடிமனில் ஒரு பட்டை செய்தோம். அது கடல் தட்டு. முதல் நாள் இரும்பு அதிகமாகி, பட்டை முழுவதும் அப்படியே தொட்டியின் அடியில் போய்ப் படுத்துவிட்டது. இரண்டாம் நாள் துகளைக் குறைத்த பிறகு பட்டை பாகின் மேல் தங்கியது. ஒரு முனையைத் தொட்டிச் சுவரோடு ஒட்டிவிட்டு, மறு முனையை மட்டும் விரலால் பாகுக்குள் அழுத்தி விட்டோம். பட்டையை யாரும் தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒட்டப்பட்டிருப்பதால் அது முன்னே வரவும் முடியாது.

முனை மெதுவாகக் கீழே போனது. வளைவுக் கோடு ஒட்டிய சுவரை நோக்கிப் பின்னால் நகர்ந்தது. வளைவுக்கு இந்தப் பக்கம் இரும்பு கலக்காத மெல்லிய களிமண் தகடு ஒன்றை மிதக்க விட்டு, அதன் மறு ஓரத்தை எதிர்ச் சுவரில் ஒட்டி, மேலே குங்குமத்தால் குறுக்குக் கோடுகள் போட்டிருந்தோம். கால் மணி நேரத்தில் வளைவை ஒட்டிய கோடுகளுக்கு இடையே இருந்த ஒரு விரற்கடை இடைவெளி இரண்டாகிவிட்டது. பிறகு தகடு நடுவில் மெலிந்து, அடியில் இருக்கும் பாகின் நிறம் தெரிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், கடல் பிறந்துவிட்டது" என்று கத்தினான்.

எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. பட்டையின் இரு பக்கங்களிலும் பாகின் மேல் தூவியிருந்த குங்குமம் சுழன்றுகொண்டு பட்டையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வந்தது. தட்டு பின்வாங்க வேண்டுமென்றால் அதன் பின்னால் இருக்கும் கவசம் எங்காவது ஒதுங்க வேண்டும், அது ஓரங்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. பட்டையைத் தொட்டியின் முழு அகலத்துக்கும் வெட்டிப் போட்டபோது பாகுக்குச் சுற்றிப் போக வழி இல்லாமல், பின்வாங்கல் மிகவும் தாமதமானது. தெற்கு சாண்ட்விச் தீவுகள், இத்தாலியின் கலாப்ரியா வில் போன்ற குறுகிய வில்கள் வேகமாகப் பின்வாங்கி, ஸ்கோஷியா கடலின் கிழக்குப் பகுதியையும் டிரீனியக் கடலையும் திறந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வியாசர்பாடி மாணவி

டீச்சர், உங்கள் குங்குமக் கோடுகளைப் படித்ததும் எனக்கு முக்கால்வாசி தெளிந்துவிட்டது. மிக்க நன்றி. ஆனால் எண்ணூர் அண்ணாவிடம் ஒரு மறுப்பு உண்டு. பழைய, கனமான தட்டு இறங்கினால் பின்வில் திறக்கும் என்றால், வடகிழக்கு ஜப்பானுக்கு அடியில் இறங்கும் பசிபிக் தரையும் ஏறத்தாழ 13 கோடி ஆண்டு பழையதுதானே? அங்கே ஏன் இப்போது கடல் திறக்கவில்லை?

எண்ணூர் நிலவியல்

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். 1979-இல் செய்யா உயேதாவும் ஹிரூ கனமோரியும் அமிழ்வு மண்டலங்களை மரியானா வகை, சிலி வகை என்று இரண்டு எல்லைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு முனையில் பழைய தட்டு, செங்குத்தான இறக்கம், பின்புறத்தில் விரிசல். மறு முனையில் இளம் தட்டு, சாய்ந்த இறக்கம், இறுக்கமான பிணைப்பு, பெரிய நிலநடுக்கங்கள். 1960-இல் சிலியில் 9.5 அளவில் ஏற்பட்டதே கருவிகளில் பதிவானவற்றுள் மிகப் பெரியது. பாடநூல்கள் இந்த இரண்டு வகையையும் எடுத்துக்கொண்டு, வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதுபோல் எழுதிவிடுகின்றன. அதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

படுகை திறக்குமா என்பதைத் தீர்மானிப்பது இரண்டு வேகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். அகழி எவ்வளவு வேகமாகக் கடல் பக்கம் ஒதுங்குகிறது, மேல் தட்டின் உடல் அதே திசையில் எவ்வளவு வேகமாக வருகிறது என்ற இரண்டும்தான் கணக்கு. அகழி முந்தினால் விரிசல் விழும். மேல் தட்டு முந்தினால் நெருக்கம் வரும். தென் அமெரிக்கா மேற்கு நோக்கி அகழியின் மேலேயே ஏறி வருவதால் அங்கே ஆண்டீஸ். தட்டின் வயது இந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் நிரப்புகிறது.

ஜப்பான் இரண்டு நிலைகளையும் கண்ட நிலம். ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டு முதல் 1.5 கோடி ஆண்டு முன்பு வரையான காலத்தில் அது ஆசியக் கரையிலிருந்து பிய்ந்து, தென்மேற்குப் பாதி ஒரு பக்கமும் வடகிழக்குப் பாதி எதிர்ப் பக்கமும் கதவின் இரு மடல்கள்போலத் திரும்பி, பின்னால் ஜப்பான் கடல் திறந்தது. பிறகு விரிவு நின்றது. இன்று அந்தக் கடலின் கிழக்கு ஓரம் நெருக்கப்படுகிறது. அன்று இழுவையில் விழுந்த பிளவுகளே இன்று எதிர்த் திசையில் நழுவுகின்றன. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தைக் குலுக்கிய 7.5 அளவு நிலநடுக்கம் அத்தகைய நெருக்கப் பிளவில் நேர்ந்ததுதான். பின்வில் படுகைகள் பெருங்கடல்கள்போல நீண்ட ஆயுள் உள்ளவை அல்ல. பெரும்பாலானவை ஒன்று இரண்டு கோடி ஆண்டுகள் விரிந்து அடங்கிவிடுகின்றன.

ராயபுரம் எந்திர அறை

நான் படித்தவன் அல்லன். அந்தமான் பயணிகள் கப்பலில் எந்திர அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பேசும் கடலை என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். 2005-க்குப் பிறகு ஒரு முறை, தீவுகளுக்கிடையே போகும் கப்பலில் இருந்தபோது பாரன் தீவை ஒட்டிச் சென்றோம். விடியற்காலை. கரை முழுவதும் கரிய சாம்பல், தண்ணீர் வரை இறங்கி உறைந்திருந்த கல் ஓடை, உச்சியிலிருந்து விட்டு விட்டு எழுந்த புகை. கந்தக வாடை தளம் வரை வந்தது. இறங்க அனுமதி இல்லை. வியப்பு என்னவென்றால், அங்கே தண்ணீரின் ஆழம் ஆயிரம் மீட்டருக்கு மேல் என்று மாலுமிகள் சொன்னார்கள். அப்படியானால் நாங்கள் பார்த்தது ஒரு பெரிய மலையின் நுனியை மட்டும்தான். நீங்கள் சொல்லும் விரியும் இடம் அந்தத் தீவுதானா?

எண்ணூர் நிலவியல்

ஐயா, உங்களைப் போன்றவர்கள் எழுதினால்தான் இந்த இழைக்கு உயிர் வருகிறது. நீங்கள் பார்த்தது விரியும் இடம் அல்ல, அது வில். இரண்டிலும் பாறை உருகுகிறது, ஆனால் உருகுவதற்கான காரணம் வேறு.

கடல் தட்டு இறங்கும்போது தன் பாறைக்குள் கனிமங்களாகப் பூட்டி வைத்திருந்த நீரையும் கொண்டுபோகிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. மேலே இருக்கும் கவசப் பாறையில் நீர் சேர்ந்ததும் அதன் உருகுநிலை குறைந்து பாறைக்குழம்பு உண்டாகிறது. அது மேலேறி எரிமலைகளின் வரிசையாக நிற்பதே தீவு வில். பாரன் தீவும் அதற்கு வடக்கே அடங்கிக் கிடக்கும் நார்கொண்டம் தீவும் அந்த வரிசையில் வருகின்றன. பாரனில் 1787-இல் வெடிப்பு பதிவாகியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகு உறங்கி, 1991-இல் மீண்டும் விழித்துக்கொண்டது.

விரியும் இடத்திலோ, தட்டு விலக விலக அடியிலிருந்து கவசப் பாறை மேலெழும்புகிறது. மேலே வரும்போது அழுத்தம் குறைவதால், சூடு ஏறாமலேயே உருகிவிடுகிறது. நடுக்கடலிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் பின்வில் படுகையில், குறிப்பாக வில்லுக்கு நெருக்கமான இடங்களில், தட்டிலிருந்து வந்த நீரும் கொஞ்சம் கலந்துவிடுகிறது. அதனால் அங்கே கிடைக்கும் பசால்ட் கண்ணாடித் துண்டுகளில் நீரின் அளவு நடுக்கடல் பசால்ட்டைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். லாவ் படுகையில் வில்லை ஒட்டிய முகட்டுப் பாறை வில்லின் குணத்தையும், தள்ளி இருக்கும் முகட்டுப் பாறை நடுக்கடலின் குணத்தையும் காட்டுகிறது. கல் ஒன்றைக் கையில் கொடுத்தால் அது வில்லிலிருந்து எவ்வளவு தொலைவில் பிறந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்தமான் கடலில் விரியும் முகடு பாரன் தீவுக்குத் தெற்கே, நடு அந்தமான் படுகையின் அடியில் இருக்கிறது. ஐராவதி ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறு அதை மூடிக்கொண்டே இருப்பதால், முகடாக நிமிர்ந்து நிற்காமல் பள்ளமாகவே தெரிகிறது.

தண்டையார்பேட்டை ஆசிரியை

இந்த இடத்தில் நான் மாறுபட வேண்டியிருக்கிறது, தம்பி. அந்தமான் கடலை மரியானாவோடும் டோங்காவோடும் ஒரே வரிசையில் வைத்தால், மாணவிக்கு மறுபடியும் குழப்பம் வரும். என் தொட்டியில் தகடு அகழிக்குக் குறுக்காக இழுபட்டது, அதாவது வில் அகழியின் பக்கம் நகர்ந்தது. அந்தமானில் கடல் அந்தத் திசையில் திறக்கவில்லையே!

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியத் தட்டு வடக்கு, வடகிழக்காக நகர்கிறது. அந்தமானுக்கு மேற்கே இருக்கும் அகழியோ கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிறது. ஆகவே தட்டு அகழியை நேராக முட்டாமல் அதை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. அந்த உரசலில் மேல் தட்டின் ஓரம் ஒரு நீண்ட சிம்பாகக் கிழிந்து வடக்கே இழுபடுகிறது. சிம்பின் கிழக்கு எல்லையாக, தெற்கில் சுமத்ரா பிளவும் வடக்கில் மியான்மரின் சகாயிங் பிளவும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் படி போல விலகி நிற்கின்றன. அந்தப் படியின் இடைவெளியில் திறந்ததுதான் நடு அந்தமான் படுகை. அது ஏறத்தாழ 40 லட்சம் ஆண்டுகளாக விரிகிறது, இன்றைய வேகம் ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரியும் திசை ஏறக்குறைய வடமேற்கு தென்கிழக்கு. இதில் அகழி பின்வாங்கியதைவிடச் சிம்பு நழுவியதே முதற்காரணம் என்பது என் கருத்து. பின்வில் படுகை என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது பிழை.

எண்ணூர் நிலவியல்

ஒப்புக்கொள்கிறேன், டீச்சர். நான் விரைந்து எழுதியதில் இது விடுபட்டுவிட்டது. 'பின்வில்' என்பது இருக்கும் இடத்தைச் சொல்லும் பெயர், திறந்த காரணத்தைச் சொல்லும் பெயர் அல்ல. இடத்தால் அந்தமான் கடல் பின்வில் படுகையே. காரணத்தால் அது பக்கவாட்டு நழுவலில் பிறந்த படுகை. இருந்தாலும் பின்வாங்கலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எரிமலை வில் இளக்கி வைத்த பலவீனமான கோட்டில்தான் அந்தச் சிம்பு கிழிந்திருக்கிறது, வங்கக் கடலின் பழைய கிரெட்டேசியக் காலத் தட்டின் எடையும் மேற்கே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இதில் நமக்குள் அளவு வித்தியாசம் இருக்கட்டும்.

தங்கையே, தேர்வில் அந்தமானை எடுத்துக்காட்டாக எழுதினால் 'சாய்வான அமிழ்வு' என்ற சொல்லை மறக்காதீர்கள்.

காசிமேடு வலைக்காரர்

அக்கா, ஐயா, எல்லோருக்கும் வணக்கம். நான் விசைப்படகு வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதுவதில் பாதி எனக்குப் பிடிபடவில்லை, ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் நான் துறைமுகத்தில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். படகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியதைப் பார்த்தவன். அந்தமான் கடல் திறந்துகொண்டிருக்கிறது என்கிறீர்கள். அப்படித் திறக்கும்போது மறுபடியும் அதுபோல் அலை வருமா?

தண்டையார்பேட்டை ஆசிரியை

தம்பி, உங்கள் கேள்விக்குத்தான் மிகக் கவனமாக விடை சொல்ல வேண்டும்.

2004-இல் அலையை எழுப்பியது அந்தமான் கடல் அல்ல. அது தீவுகளுக்கு மேற்கே, நம் பக்கத்தில், இந்தியத் தட்டு இறங்கும் அகழியை ஒட்டி நடந்தது. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூட்டிக் கிடந்த தட்டு முகம் நழுவி, கடலடி மேலே துள்ளியது. கடலடி மேலும் கீழுமாக அசைந்தால்தான் அதன் மேல் இருக்கும் தண்ணீர் முழுவதும் தூக்கப்பட்டு அலையாகப் புறப்படும். அந்த அலை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நம் கரைக்கு வந்தது.

தீவுகளுக்குக் கிழக்கே விரியும் கடலில் நிலநடுக்கங்கள் உண்டு, அதுவும் கொத்துக் கொத்தாக. பேரலை வந்து ஒரு மாதம் கழித்து, 2005 ஜனவரி கடைசி வாரத்தில், அந்தமான் கடலின் அடியில் 5 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல் பதிவாயின. ஆனாலும் அவை ஒவ்வொன்றும் சிறியவை. விரியும் இடத்தில் தட்டு மெல்லியதும் சூடானதும் ஆகையால் பெரும் விசையைச் சேர்த்து வைக்க அதனால் முடியாது. அங்கே பெரும்பாலும் பக்கவாட்டு நழுவலும், பள்ளம் கொஞ்சம் இறங்குவதுமே நடக்கின்றன. பக்கவாட்டில் நழுவினால் தண்ணீர் அதிகம் தூக்கப்படாது என்பதை நாமே 2012 ஏப்ரல் 11 அன்று கண்டோம். சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடந்த அந்த நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டு, மக்கள் கட்டடங்களை விட்டு வெளியே ஓடி வந்தார்கள். ஆனால் வந்த அலை மிகச் சிறியது.

கடலடிச் சரிவோ எரிமலைச் சரிவோ தனியாக அலை எழுப்பலாம். 2018 டிசம்பரில் இந்தோனேசியாவின் அனாக் கிரகத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து அப்படித்தான் நடந்தது. ஆகவே கிழக்கே ஆபத்தே இல்லை என்று நான் எழுத மாட்டேன். நம் கரைக்குப் பெரிய அச்சம் மேற்கே இருக்கும் அகழிதான். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் முதலில் கவனிப்பதும் அதைத்தான்.

காசிமேடு வலைக்காரர்

இப்போது புரிகிறது, அக்கா. தீவுக்கு மேற்கே இருக்கிற கோடு வேறு, கிழக்கே இருக்கிற கோடு வேறு. இதையே ஒரு படமாகப் பெரிய தாளில் போட்டுக் கொடுத்தால் எங்கள் சங்கக் கூடத்தில் ஒட்டி வைக்கிறேன். பையன்கள் கேட்டால் காட்டலாம்.

தண்டையார்பேட்டை ஆசிரியை

ஞாயிற்றுக்கிழமைக்குள் வரைந்து தருகிறேன். அகழியை நீலத்தில், எரிமலை வரிசையைக் கருப்பில், விரியும் முகட்டைச் சிவப்பில் போடுகிறேன். வியாசர்பாடி மாணவி வந்து உதவினால் அம்புக்குறிகளை அவரே போடட்டும். அந்தமானில் அவை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

வியாசர்பாடி மாணவி

வருகிறேன், டீச்சர். சகாயிங் பிளவுக்கும் சுமத்ரா பிளவுக்கும் இடையே இருக்கும் அந்தப் படியை அளவு குறையாமல் வரைய வேண்டும் என்பதால், கல்லூரியிலிருந்து கடலடி ஆழ வரைபடம் ஒன்றை நகலெடுத்துக்கொண்டு வருகிறேன்.